என் அண்ணன் பெயரில் ஒருவர்

லிலோங்வே
14 ஜூன் 2018

தியாமிகே அண்ணிக்கு,

பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்ற பயத்தில் உறையின் மேல் என் பெயரை எழுதவில்லை. நாம் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அண்ணனை அடக்கம் செய்த கொஞ்ச நாளிலேயே நீங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு ஏரி நடுவில் இருக்கும் உங்கள் தீவுக்குப் போய்விட்டீர்கள். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டீர்கள். அண்ணனின் ஆசிரியர் வேலைக்காக அரசாங்கம் கொடுத்த இறப்புப் பணத்தோடு போய்விட்டீர்கள் என்று சித்தப்பா சொன்னார். நானும் நம்பினேன். அந்தச் சண்டையைத் தொடர இதை எழுதவில்லை.

இங்கே தலைநகரில், கணக்காய்வுத் துறையில் இப்போது என்னை ஆசிரியர்களின் தலையை எண்ணும் குழுவில் போட்டிருக்கிறார்கள். சம்பளம் போகிற ஒவ்வொரு பெயருக்கும் உயிரோடு ஒரு ஆள் இருக்கிறாரா என்று பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத பெயர்களைப் பேய்கள் என்போம். அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வது வழக்கம்.

செவ்வாய்க்கிழமை வடக்கே மலைமேல் சிங்காலா என்ற பள்ளிக்குப் போனோம். ஒரே மூடுபனி. ஆசிரியர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு மரத்தடியில் நின்றார்கள். பெயர்கள் அன்று காலைதான் எங்கள் கைக்கு வரும். வரிசையாகப் படித்துக்கொண்டே போனேன்.

"ம்சிஸ்கா, வித்தும்பிகோ."

வாய் தானாகப் படித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

"இருக்கேன் மேடம்."

பனிக்குள்ளிருந்து ஒருவர் வந்து அடையாள அட்டையை நீட்டினார். அண்ணனின் பெயர், அண்ணனின் பிறந்த நாள், படம் மட்டும் அவருடையது. உயரம், ஒல்லி, முப்பதுகூட இருக்காது. எனக்குப் பின்னால் நின்ற மாவட்டக் கல்வி அதிகாரி லுஹாங்கா சிரித்தார். "மேடமும் ம்சிஸ்காதானே? பாருங்க, மலை மேலயும் சொந்தக்காரங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நான் 'வந்திருக்கிறார்' என்று குறித்துவிட்டேன். கை அப்படித்தான் போனது.

அண்ணி, அந்த ஆள் என் அண்ணன் இல்லை. அண்ணனின் முகம் எனக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்குப் பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தீர்கள். பிணவறைக்குள் போனது நீங்கள் மட்டும்தான். கேட்கக் கூடாத கேள்வி. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவர்தானே?

டோவேரா

*

தீவு
1 ஜூலை 2018

டோவேரா,

அடுப்பில் போடத்தான் எடுத்தேன். உன் 'த' எழுத்து அவர் எழுதுகிற மாதிரியே வளைந்திருந்தது. அதனால் பிரித்தேன்.

நான் புதைத்தது என் புருஷனைத்தானா என்று கேட்கிறாய். சரி, கேட்டுக்கொள். பிணவறையில் இருந்தவர், "முகத்தைப் பாக்காதீங்கம்மா, லாரி ஏறியிருக்கு. காலைப் பாருங்க" என்றார். பார்த்தேன். இடது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரல் மேல் ஏறிப் படுத்திருந்தது. கல்யாணமான புதிதில் அந்த விரலைச் சொல்லித்தான் அவரைக் கேலி செய்வேன். அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏரித் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. போதுமா? உன் அம்மா பெற்ற காலை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். மாவட்ட அலுவலகத்துக்கு நடந்து நடந்து என் செருப்புதான் தேய்ந்தது. இன்று அதிகாரி இல்லை, நாளை முத்திரை இல்லை. கடைசியில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன், "குடும்பத்துலேருந்து வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களேம்மா" என்றான்.

"யாரு?"

"அவரோட தங்கச்சி. லிலோங்வேல பெரிய வேலையாமே?"

அன்றைக்கே கப்பல் ஏறிவிட்டேன். இங்கே அக்காள் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை. காலையில் மாவு பிசைந்து மாண்டாஸி பொரித்து விற்கிறேன், பகலில் மீன் காய வைக்கிறேன். மீனின் வயிற்றைக் கீறும்போதெல்லாம் உன் பெயரைத்தான் சொன்னேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் என் சாபத்தில் வலு இல்லை என்றுதான் அர்த்தம்.

நீ வாங்கவில்லை, இல்லையா? அந்த ஆள் சம்பளம் வாங்குகிறான் என்றால் உங்கள் அரசாங்கத்துக்கு அவர் இன்னும் சாகவே இல்லை. சாகாதவருக்கு ஏது இறப்புப் பணம்? நம் இரண்டு பேரையும் அடித்துக்கொள்ள விட்டு எவனோ தின்றிருக்கிறான்.

என் புருஷன் பெயரைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறவன் யார்? போய்க் கேள்.

தியாமிகே

*

லிலோங்வே
20 ஜூலை 2018

அண்ணிக்கு,

போனேன். குழுவுக்குச் சொல்லாமல் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றேன். மரவள்ளிக்கிழங்கை நறுக்கி, துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பின்னக்கணக்கு சொல்லிக்கொடுத்தார். கணக்கு முடிந்ததும் கிழங்கைப் பிள்ளைகளே தின்றார்கள். "ம்சிஸ்கா சார், எனக்குக் காலே அரைக்கால்தான் கிடைச்சுது!" என்று ஒரு பெண் கத்தினாள். ஒரே சிரிப்பு. ம்சிஸ்கா சார், ம்சிஸ்கா சார் என்று நாலு பக்கமும் குரல். அங்கே நிற்கவே எனக்குக் கால் கூசியது.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்க யாருன்னு தெரியும் மேடம். அன்னிக்குப் பேரைப் படிச்சீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பேரை யாரும் அப்படிப் படிச்சதில்ல."

"உங்க பேர் என்ன?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்கயா சொல்றது?"

"இங்கதான்."

"ஒபெட். ஒபெட் கயிரா." திருடிய பொருளைக் காட்டுகிறவர் மாதிரிச் சொன்னார்.

ஆசிரியப் பயிற்சி முடித்தவர். வருடக்கணக்கில் வேலை வரவில்லை. சந்தையில் மூட்டை தூக்கியிருக்கிறார். லுஹாங்கா கூப்பிட்டு, ஒரு இடம் இருக்கிறது, ஆனால் உன் பெயரில் இல்லை என்றாராம். சம்பளத்தில் பாதிக்கு மேல் லுஹாங்காவுக்கு. அண்ணனை யாருக்கும் தெரியாத இந்த மலைக்கு அவர் பெயரை மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

"பேர் யாரோடதுன்னு கேக்கலையா?"

"கேட்டேன் மேடம். 'ஊரை விட்டுப் போயிட்டாரு, இனி வரமாட்டாரு'ன்னாரு. பொய்யும் இல்லையே அது."

எனக்குக் கோபம் வந்தது. திட்டுவதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "ஆத்தங்கரையில யாராவது ஒபெட்னு கூப்பிட்டா நான் திரும்பறதில்ல மேடம். ம்சிஸ்கான்னா திரும்பிடறேன். போன வருஷம் எங்கம்மா தவறிட்டாங்க. லீவு கேட்டேன். ம்சிஸ்காவோட அம்மா எப்பவோ செத்தாச்சு, ஃபைல்ல இருக்கு, இன்னொரு தடவை எப்படிச் சாவாங்கன்னு சிரிச்சாரு லுஹாங்கா. நான் போகல. வகுப்பு எடுத்துட்டு இருந்தேன்."

பிறகு என்னிடம் ஒன்று கேட்டார்: "உங்க அண்ணன் எப்படிப்பட்டவரு?" பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன், அண்ணி.

மலை இறங்கும்போது ஒரு வெள்ளைக் கார் பக்கத்தில் வந்து நின்றது. லுஹாங்கா. "ஏறுங்க தங்கச்சி, மினிபஸ் இப்ப வராது." நான் ஏறவில்லை. நடக்க நடக்க, காரைக் கூடவே உருட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க அண்ணன் நல்லாத்தானே இருக்காரு? இருந்துட்டுப் போகட்டுமே. செத்தவரை எதுக்கு இன்னொரு தடவை கொல்லணும்?" பேச்சில் கோபமே இல்லை. "சரி, உங்களுக்கு மனசு கேக்கலன்னா வேற வழி பண்ணலாம். போன மாசம் காய்ச்சல்ல இறந்துட்டாருன்னு எழுதிடுவோம். உங்க அண்ணிக்குச் சேரவேண்டியது ஒரு வாரத்துல போய்ச் சேரும். அந்தப் பையனுக்கும் வேற இடம் பாத்துக்கலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

கொஞ்ச தூரம் போனதும், "லிலோங்வேல தனியாத்தானே இருக்கீங்க?" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

புகாரை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. பணம் உங்களுக்கும் மகள் ம்விசாவின் படிப்புக்கும் உரியது. உங்களைக் கேட்காமல் நான் முடிவு செய்யக் கூடாது. என்ன செய்யட்டும்?

டோவேரா

*

தீவு
8 ஆகஸ்ட் 2018

டோவேரா,

உன் கடிதத்துக்கு முந்தின கப்பலிலேயே அந்த லுஹாங்காவின் ஆள் வந்துவிட்டான். நல்ல சட்டை, நல்ல பேச்சு. என் புருஷன் இந்த ஜூன் மாதம் காய்ச்சலில் இறந்தார், அதுவரை என்னோடுதான் வாழ்ந்தார் என்று ஒரு தாள்.

பணம் கட்டவில்லை என்று ம்விசாவைப் பள்ளி விடுதியிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எனக்கு எழுதாதே.

*

லிலோங்வே
27 ஆகஸ்ட் 2018

அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கையெழுத்துக்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இரண்டு நாளில் போய்விட்டது. மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம் வருகிறது. மீன் காய வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவரிடம் நான் என்ன நியாயம் பேச?

ஆனால் புகாரைக் கொடுத்துவிட்டேன். அதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உங்கள் தாள் போய்ச் சேர்ந்த மறுநாளே லுஹாங்கா ஒபெட்டைக் கூப்பிட்டு, "ம்சிஸ்கா செத்துட்டாரு. திங்கக்கிழமையிலேருந்து நீ ம்புலா" என்று வேறொரு அட்டையைக் கொடுத்திருக்கிறார். ம்புலா என்பவர் போன மழைக்காலத்தில் காலராவில் போன ஆசிரியர். ஒபெட் அட்டையை வாங்காமல் நேராக லிலோங்வேக்குப் பேருந்து ஏறிவிட்டார். எங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார். "ஒரு செத்தவராவே வாழ முடியல மேடம். ரெண்டாவதும் என்னால ஆகாது" என்றார். அவர் வாக்குமூலம் கொடுத்த பிறகுதான் நானும் துணிந்தேன்.

அன்றிலிருந்து என் மேசைத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வருகிறது. சாப்பாட்டு நேரத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. முதல் தடவை எடுத்தேன்.

"டோவேரா, நான் வித்தும்பிகோ பேசறேன்."

எங்கள் பக்கத்துப் பேச்சு, அண்ணன் வயதுக் குரல்.

"நான் நிம்மதியா இருக்கேன் தங்கச்சி. என்னை ஏன் தோண்டற? விட்டுடு."

எவனோ கூலிக்குப் பேசுகிறான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணி, நான் உடனே வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். மறுநாளும் அதே நேரத்துக்கு மணி அடித்தது, மறுநாளும் எடுத்தேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் நான் மெலிந்துவிட்டேன் என்கிறார்கள். அவன் எதற்குப் பேசுகிறான் என்று தெரிந்தும், அண்ணன் பெயரைச் சொல்லி ஒரு குரல் பேசுகிறதே என்று போய் நிற்கிறேன். இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்ல?

அக்டோபர் முதல் வாரம் வடக்கே ம்ஸூஸு நகரில் விசாரணை. உங்கள் தாளை வைத்துத்தான் லுஹாங்கா தப்பப் பார்க்கிறார்: ஜூன் வரை ஆள் உயிரோடு இருந்தார், மனைவியே சொல்கிறார், அந்தப் பையன்தான் அட்டையைத் திருடினான் என்கிறார். அதன்படி ஒபெட் சிறைக்குப் போவார்.

வாருங்கள் என்று சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

டோவேரா

*

தீவு
15 செப்டம்பர் 2018

டோவேரா,

முதலில் அந்தத் தொலைபேசியை எடுப்பதை நிறுத்து. அவருக்கு உன்னோடு பேச வேண்டுமென்றால் 'டோவேரா' என்றா கூப்பிடுவார்? 'நெத்திலி' என்றுதானே கூப்பிடுவார்? அந்தக் கூலிக்காரனுக்கு அது தெரியுமா?

இப்போது என் கதையைக் கேள். இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே.

அந்தத் தாளில், அதுவரை என்னோடுதான் வாழ்ந்தார் என்றிருந்தது. கையெழுத்துப் போட்ட மறுநாள் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. அக்காள்தான், "யாருக்குடி அது?" என்றாள். கழுவி வைத்தேன். அதற்கடுத்த நாளும் இரண்டு தட்டு. பிறகு அவரோடு சண்டை போட ஆரம்பித்தேன். இந்த ஜூன் வரைக்கும் இருந்தாயே, எங்கே இருந்தாய்? மகளைத் திருப்பி அனுப்பினார்களே, அன்றைக்கு எங்கே போனாய்? நான் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏறும்போது ஒரு கை கொடுக்கக் கூடாதா? சத்தம் போட்டே கேட்டேன். கரையில் இருக்கிற பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

பணம் வந்துவிட்டது என்று தகவல் வந்தது. கப்பல் ஏறி வங்கிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நல்லவள். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. மூணே மாசம்தானே ஆகுது? துக்கம் ஆறியிருக்காதே" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டின பிறகுதான் உறைத்தது. லாரி அடித்து, நான் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, மண் போட்டு, மொட்டை அடித்து, கறுப்பு உடுத்தி, அத்தனையும் நடக்கவே இல்லை என்று தலையாட்டியிருக்கிறேன். அவரை நான் இரண்டு வருடம் அநாதையாக மண்ணுக்குள் விட்ட மாதிரி இருந்தது. அந்தப் பெண் எழுதச் சொன்ன இடத்தில் எழுதாமல் வெளியே வந்துவிட்டேன். கப்பலில் வரும்போது என் மடத்தனத்தை நினைத்து ஏரி முழுக்க அழுதேன். ம்விசா இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

ம்ஸூஸுவுக்கு வருகிறேன். பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு என்னைச் சிறையில் போட்டால் ம்விசாவை நீ பார்த்துக்கொள்.

எனக்குத் தங்க இடம் தேடாதே. உன் அறையில் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

தியாமிகே

*

தெற்கு, ஷிரே ஆற்றங்கரை
20 ஜனவரி 2019

அண்ணிக்கு,

என்னை இங்கே தூக்கிப் போட்டுவிட்டார்கள். 'நிர்வாகத் தேவை' என்று உத்தரவில் இருக்கிறது. நாட்டின் வடக்குக் கோடியில் கிளப்பின புழுதிக்குத் தெற்குக் கோடியில் ஒரு நாற்காலி. வெயில் தாங்க முடியவில்லை. ஆற்றில் முதலை என்று குளிக்க விட மாட்டேன் என்கிறார்கள். ஆனால் மேசையில் தொலைபேசி இல்லை. தூங்குகிறேன்.

விசாரணையில் நீங்கள் எழுந்து, "நான் போட்டது பொய்க் கையெழுத்து. என் புருஷன் செத்தது 2016. நான் காலைத் தொட்டுப் பார்த்தேன்" என்று சொன்னபோது லுஹாங்கா முதல்முறையாகத் தரையைப் பார்த்தார். அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களை எச்சரித்து விட்டுவிட்டார்கள் என்பதும் தெரியும். நீங்கள் கப்பலுக்குக் கிளம்பிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. மறுநாள் காலை விசாரணை அலுவலக வாசலில் பெண்கள் நின்றார்கள். மலையிலிருந்து, ஏரிக்கரையிலிருந்து, சிலர் கைக்குழந்தையோடு. எல்லோரும் ஆசிரியர்களின் மனைவிகள், செத்தவர்களின் மனைவிகள். ஒவ்வொருத்தியாக வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர் இன்னும் வேலைக்கு வர்றாராம்மா?" நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சிலருக்கு இல்லை என்றேன். பலருக்கு ஆமாம் என்றேன். ஆமாம் என்று கேட்டதும் ஒரு பெண்ணின் முகம் மலர்ந்தது, அண்ணி. ஒரே ஒரு கணம்தான். அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

லுஹாங்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது. அரைச் சம்பளம் வருகிறது. அதே காரில்தான் போகிறார். ஒபெட்டுக்குத் தண்டனை இல்லை, வேலையும் இல்லை. சிங்காலாவில் அந்த வகுப்புக்கு இன்னும் ஆசிரியர் போகவில்லை. பிள்ளைகள் சார் செத்துவிட்டார் என்று நினைத்து ஒரு வாரம் அழுதார்களாம். தலைமையாசிரியர் எழுதியிருந்தார். நாம் செய்தது சரிதானா என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். அந்தப் பிள்ளைகளுக்கு நேராக நின்று சொல்ல முடியுமா, தெரியவில்லை.

இத்தோடு அண்ணனின் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. தேதி சரியாக இருக்கிறது. பணத்துக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன், நாளாகும். ம்விசாவின் விடுதிக்கு நான் அனுப்பியதைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவள் எனக்கும் மகள்தான்.

நெத்திலி

*

உங்கள் ஊர், ஏரிக்கரை
10 ஆகஸ்ட் 2019

நெத்திலிக்கு,

நேற்று அவர் கல்லறையில் கல் திறந்தோம். சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் கல்லில் தேதி வெட்டச் சொல்ல எனக்கு மனசு வந்தது. உனக்கு விடுப்புத் தராதவர்களுக்கு நல்ல வாய்ப்புண் வரட்டும். நடந்ததையெல்லாம் எழுதுகிறேன், வந்த மாதிரி நினைத்துக்கொள்.

சித்தப்பா ஆடு கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்தே பேசினார். "பெரிசா ஒண்ணும் மனசுல வச்சுக்காத தியாமிகே." வைத்திருக்கிறேன் என்றேன். ஆடு நல்ல ஆடு.

போதகர் ஜெபம் செய்தார். ம்விசா வெள்ளைத் துணியை இழுத்தாள். காற்று பலமாக அடித்ததால் துணி அவள் மேலேயே சுற்றிக்கொண்டது. எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு பாட்டு. பாட்டு முடிந்து எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. விசாரணைக்குப் பிறகு எனக்கு அழுகையே வந்ததில்லை. இரண்டு தட்டுப் பழக்கமும் முழுதாகப் போகவில்லை. உன்னிடம் மறைத்தேன்.

கல்லறை வேலிக்கு வெளியே ஒரு ஆள் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். ம்ஸூஸுவில் பார்த்த அதே ஒல்லி உடம்பு. மறுபடி சந்தையில் மூட்டை தூக்குகிறார் போல, சட்டையெல்லாம் தூசி.

"உள்ள வரலாமாம்மா? வேணாம்னா போயிடறேன்."

போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வாங்க" என்று வந்தது.

கல்லுக்கு முன்னால் முட்டிபோட்டார். அதில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். அதற்குக் கீழே இருந்த இரண்டு தேதிகளையும் படித்தார். பிறகு, பக்கத்தில் நான் நிற்பதை மறந்தவர் மாதிரி கல்லிடம் பேசினார்.

"ஐயா, நான் ஒபெட் கயிரா. கயிரா வீட்டு மூத்த பையன். உங்க பேரைக் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். நான் பத்திரமாத்தான் வச்சிருந்தேன் ஐயா. பிள்ளைங்க யாரையும் அந்தப் பேர்ல அடிச்சதில்ல."

எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நெத்திலி. மண்ணில் விழுந்தேன். புதுப்பிணத்துக்கு அழுகிற மாதிரி வாய்விட்டு ஊளையிட்டு அழுதேன். சாப்பிடப் போன பெண்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்கள். என் அக்காள் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "மூணு வருஷமாச்சேடி, இப்ப எதுக்கு இப்படி அழற?" என்றாள்.

"இப்பத்தான் அக்கா போறாரு" என்றேன்.

தியாமிகே